வாசம் விதையில் இருக்கிறதா?

பாத்தி ஓரம் – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலுமிச்சை வாசத்தைப் பற்றியவை. சொல்லி வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ! மாடித் தோட்டத்து வெள்ளை ஈ பற்றிக் கேட்ட மூன்று பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த இதழில் முதல் பதில் உங்களுக்குத்தான்.

*

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்தாள். இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். கோடையில் பின்வளவில் கத்தரி, மிளகாய், பாவல் எல்லாம் வைக்கிறனான். இந்த முறை மகன் (26 வயது) ஒரு கஞ்சா விதைப் பொட்டலம் வாங்கி வந்து, "அம்மா, உங்கட கைராசிக்கு இதையும் வைத்துத் தாங்கோ" என்கிறான். 'லெமன் ஹேஸ்' என்று பெயர், மேலே தேசிக்காய்ப் படம். பூ தேசிக்காய் மாதிரியே மணக்குமாம். இங்கே வீட்டில் வளர்ப்பது குற்றமில்லை என்று எனக்கும் தெரியும். விதை போட்டால் அந்த மணம் வருமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது, பெயர் போடாதேங்கோ.
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: செடியைப் பற்றிக் கேட்கக் கூச்சம் எதற்கு அம்மா? முப்பத்தோரு வருஷம் தோட்டக்கலைத் துறையில் இருந்தவன் நான். ஆனால் இந்தச் செடியை நின்று நிதானமாகப் பார்த்தது உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். 2022 கோடையில் பிராம்ப்டனில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஜமைக்காவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தக்காளிக்கும் பீன்ஸுக்கும் நடுவில் நான்கு கஞ்சாச் செடி வைத்திருந்தார். காலையில் நான் வேப்பங்குச்சி இல்லாத குறைக்கு பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டு நின்றால், அவர் கையில் காப்பியோடு செடிகளைச் சுற்றிவருவார். அப்படித்தான் பழக்கம்.

முதலில் சட்டத்தை ஒரு தடவை சரிபார்த்துவிடுவோம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டில் வளர்க்கலாம். ஆனால் வீட்டுக்கு நான்கு செடி, ஆளுக்கு நான்கு இல்லை. மகனுக்கு நான்கு, உங்களுக்கு நான்கு என்று எட்டு வைத்தால் தப்பு. விதை உரிமம் உள்ள கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், உங்கள் மகனுக்கு அது பிரச்சினை இல்லை. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள், பலர் அதில் தடை போட்டிருக்கிறார்கள். கியூபெக்கில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லிவிடாதீர்கள். அந்த மாகாணத்தில் வீட்டில் ஒரு செடிகூட வைக்க முடியாது, அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றமே 2023-இல் சொல்லிவிட்டது.

சரி, மணத்துக்கு வருவோம். பெரியவர் வைத்திருந்ததும் ஒரே பொட்டலத்து விதைதான், அதிலும் எலுமிச்சைப் படம்தான். ஆகஸ்ட் கடைசியில் பூ திரள ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டு, "தேய்த்துப் பார்" என்று காட்டினார். பூவை ஒட்டிய சின்ன இலையை இரண்டு விரலால் நசுக்கினால் விரலில் பிசின் ஒட்டும். முதல் செடியில் எலுமிச்சைத் தோலைக் கீறின வாசம், சந்தேகமே இல்லை. இரண்டாவதும் ஏறக்குறைய அப்படித்தான், கொஞ்சம் மிளகு கலந்த மாதிரி. மூன்றாவதில் பெட்ரோல் பங்க் வாசம். நான்காவது, அம்மா, மழையில் நனைந்த வைக்கோல் போர். ஒரே பொட்டலம், ஒரே மண், ஒரே தண்ணீர்! சாயங்காலம் ரிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் விரலை விட்டு அந்தப் பிசின் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்த பிறகுதான் விட்டது. எண்ணெயில் கரையும் பொருள், தண்ணீருக்கு மசியாது.

ஏன் இப்படி? பப்பாளி தெரியும் அல்லவா? ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. கஞ்சாவும் அதே சாதி. ஆண் செடியின் மகரந்தம் காற்றில் பறந்து பெண் பூவில் விழுந்தால்தான் விதை. ஆக ஒவ்வொரு விதையும் இரண்டு செடிகளின் கலப்பு. ஒரே வயிற்றில் பிறந்த நான்கு பிள்ளைகள் ஒரே மாதிரியாகவா இருக்கிறார்கள்? விதைக் கம்பெனிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் நாற்று விட்டு, மோந்து மோந்து பார்த்து, ஒன்றைத் தாயாக எடுத்து வைப்பார்கள். பொட்டலத்தில் எழுதியிருப்பது அந்தத் தாயின் மணம். பிள்ளைக்கு அது வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். நல்ல கம்பெனி என்றால் பல தலைமுறை தேர்ந்தெடுத்து இந்த வித்தியாசத்தைக் குறைத்திருப்பார்கள். முழுக்க ஒழிக்க அவர்களாலும் முடியாது. நூறு நாற்றில் ஒன்றைப் பொறுக்கும் வசதி உங்களுக்குச் சட்டப்படியே கிடையாது, நாற்றாக இருந்தாலும் செடி செடிதான். கையில் இருப்பது நான்கே நான்கு சீட்டு.

எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன் என்ற எண்ணெய்தான் இந்தப் பூவின் பிசினிலும் இருக்கிறது, வேறு பல எண்ணெய்களும் கூட இருக்கின்றன. லிமோனீன் தனியாக இருந்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரிதான் மணக்கும். எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே மூக்குக்கு எலுமிச்சையா, பெட்ரோலா என்று தெரிகிறது. பெண் பூவைச் சுற்றிக் குண்டூசித் தலை மாதிரி மினுக்கும் ரோமங்கள் உண்டு, பூதக்கண்ணாடியில் நன்றாகத் தெரியும். அந்தத் தலைக்குள்தான் எல்லாம். ஆண் செடியில் அது பேருக்குத்தான் இருக்கும். ஆகவே ஆண் செடி முளைத்தால் ஒரு சீட்டு போச்சு. கணுவில் பூ தலைகாட்டும்போது பாருங்கள். சின்ன மணி மாதிரித் தொங்கினால் ஆண், இரண்டு வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் பெண். ஆணைப் பிடுங்காமல் விட்டால் மற்றதெல்லாம் விதை பிடித்து மணமும் குன்றிவிடும். பொட்டலத்தில் 'பெண் விதை' என்று போட்டிருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

உங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, அதை யாரும் படத்தில் போட மாட்டார்கள். இது செவ்வந்தி மாதிரிச் செடி. பகல் குறுகினால்தான் பூக்கும். ஓசூர்ப் பக்கம் செவ்வந்திக்காரர்கள் ராத்திரியில் பல்ப் எரியவிட்டுப் பூவைத் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன், அதே சூட்சுமம்தான். டொராண்டோவில் ஜூனில் பகல் பதினைந்தரை மணி நேரம் போகிறது. அது குறைந்து ஆகஸ்டில்தான் செடிக்குப் பூக்கும் புத்தி வரும். ஹேஸ் வகைகளோ பூத்து முற்றப் பத்து வாரம்கூடக் கேட்கும். கணக்குப் போடுங்கள், அக்டோபர் கடைசிக்கு வந்து நிற்கிறது. அதற்குள் உறைபனி இறங்கிவிடலாம். அதற்கு முன்னாலேயே செப்டம்பர் மழையில் திரண்ட பூவுக்குள் சாம்பல் பூஞ்சணம் புகுந்துவிடும். வெளியே பச்சையாக இருக்கும், பிரித்தால் உள்ளே பஞ்சு. பெரியவரின் அந்த வைக்கோல் வாசச் செடி கடைசியில் அப்படித்தான் குப்பைக்குப் போனது, மகள் போட்டோ அனுப்பினாள்.

ஆகவே தொட்டியில் வையுங்கள், மழை இறங்கினால் கூரைக்குள் தள்ளிவிடலாம். ஏப்ரலில் வீட்டுக்குள் சன்னலோரம் விதையை ஒரு செண்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். மிளகாய் நாற்றுக்குச் செய்கிற அதே பக்குவம் போதும். மே மாத விக்டோரியா நாள் விடுமுறை கழிந்து, பனி போனபின் வெளியே வையுங்கள். தண்ணீரை அளவோடு விடுங்கள். இது கொழுத்த சாப்பாட்டுக்காரச் செடி, மட்கிய உரம் தாராளமாகக் கேட்கும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் மூன்றே நாளில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுவிடும். பொட்டலத்தில் 'ஆட்டோ' என்று இருந்தால் பகல் நீளத்தைப் பார்க்காமல் வயது வந்ததும் தானே பூக்கும் வகை என்று பொருள். அது ஆகஸ்டிலேயே முடிந்துவிடும், உங்கள் ஊருக்கு அதுதான் தோது. காயவைப்பதை மகன் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: புதினாவை வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான். எலுமிச்சை மணம்தான் முதலில் பறக்கும்.

நான்கில் ஒன்று படத்தில் உள்ள மாதிரி மணந்தால், பூக்க விடுவதற்கு முன்பே அதில் இரண்டு குச்சி வெட்டி வேர்விட வைத்திருக்க வேண்டும் என்பார் அந்தப் பெரியவர். குச்சியில் தாய் மணம் அப்படியே வரும். ஆனால் பூத்த பிறகுதானே மணம் தெரிகிறது என்றேன். சிரித்தார். இளஞ்செடித் தண்டைத் தேய்த்தாலே அவருக்குக் கொஞ்சம் பிடிபடுமாம். எனக்கு அது எல்லாம் ஒரே பச்சிலை வாசமாகத்தான் இருந்தது. வேர்விட்ட குச்சியும் நான்கு என்ற கணக்கில் சேரும், அதையும் மறக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடு என்றால் தொட்டி வேலிக்குள் இருக்கட்டும், காய்ந்தது பூட்டுக்குள் இருக்கட்டும்.

*

கேள்வி: நண்பர் வெளிநாட்டில் இருக்கிறார். எலுமிச்சை வாசம் வீசும் கஞ்சா விதை இரண்டு கவரில் வைத்து அனுப்பட்டுமா என்கிறார். புகைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அழகுக்காக மாடியில் வைக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம் தம்பி. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில், வளர்த்தது அழகுக்கா புகைக்கா என்ற பிரிவு கிடையாது. செடி இருந்தால் வளர்த்தவர் குற்றவாளி. பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அனுப்புகிற நண்பர் கனடாவில் இருந்தால் அவருக்கும் அது குற்றம்தான். அங்கே வளர்க்கலாம், எல்லை தாண்டி அனுப்பக் கூடாது, விதையாக இருந்தாலும். உத்தராகண்டில் பயிரிடுகிறார்களே என்று எழுதிக் கேட்காதீர்கள். அது நாருக்காகவும் விதைக்காகவும், போதைச் சத்து மிகக் குறைந்த வகையில், அரசு உரிமத்தோடு நடப்பது. எலுமிச்சை வாசம்தான் வேண்டும் என்றால் கீழே தாம்பரம் அம்மாவுக்குச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

*

கேள்வி: கடையில் வாங்கிய நல்ல பழத்திலிருந்து எலுமிச்சை விதை எடுத்துப் போட்டேன். ஒரே விதையில் மூன்று முளை வந்திருக்கிறது. எதை வைத்துக்கொள்வது? விதைக்கன்று காய்க்காது, ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் சுற்று வட்டாரத்து எலுமிச்சைத் தோப்புகளில் விதைக்கன்றாக வந்த மரங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

மேலே ஸ்கார்பரோ அம்மாவுக்குச் சொன்னதற்கு அப்படியே தலைகீழானது எலுமிச்சை. ஒரு விதைக்குள் ஒரே ஒரு கரு இருக்கும் என்பதுதானே பொது நியாயம்? நம் ஊர் எலுமிச்சையில் இரண்டு, மூன்று இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும்தான் மகரந்தம் சேர்ந்து உண்டான கலப்புக் கரு. மற்றவை தாயின் திசுவிலிருந்தே நேராகக் கிளம்பியவை. அப்பன் வாடையே கிடையாது. தாய் மரம் எப்படியோ அப்படியே அதுவும். விதையில் வந்த பதியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பழம் நல்லதாக இருந்தால் கன்றும் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும்.

மூன்று முளையில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிச்சயமாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும். கண்ணுக்கு ஒரு வழி உண்டு. தாயை உரித்து வந்தவை வேகமாக, ஒன்றுபோல வளரும். கலப்புக் கரு பெரும்பாலும் நெருக்கத்தில் தோற்று நோஞ்சானாக நிற்கும், இல்லாவிட்டால் இலை வடிவில் தனித்துத் தெரியும். நான்கு இலை வந்ததும் மெதுவாகப் பிரித்து, தெம்பாக இருப்பதைத் தனித்தனிப் பையில் வையுங்கள். நோஞ்சானைத் தூக்கிப்போட மனம் வராது, எனக்கும் வராது. ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றி ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம்.

ஐந்து வருஷம் என்றேன். விதைக்கன்று காய்ப்புக்கு வர நான்கைந்து வருஷம் ஆகும், ஒட்டு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் வரும். முள் அதிகம், முதல் சில வருஷம் மேல்நோக்கியே ஓடும். காய்க்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் வெட்டச் சொல்வது மூன்றாம் வருஷத்தில்தான், காது கொடுக்காதீர்கள். தொட்டியில் வைப்பதாக இருந்தால் ஒட்டே வாங்கிவிடுங்கள், அங்கே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம் 1 கேட்டு வாங்கலாம்.

அடுத்த தடவை விதை போடுகிறவர்களுக்கு: எலுமிச்சை விதையை காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது, காய்ந்தால் முளைப்பு போய்விடும். பழத்தை அறுத்த அன்றே வழவழப்புப் போகக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் ஈரம் ஒட்டாத அளவுக்கு ஆறவிட்டு ஊன்றிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். துளிர்விட்டதும் இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால், தொட்டுப் பாருங்கள். நகரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பை நீட்டும், ஒரு நாற்றம் வேறு அடிக்கும். சின்னக் கன்றில் இரண்டு புழு இருந்தால் ஒரு வாரத்தில் குச்சி மட்டும் மிஞ்சும். கையால் பொறுக்கி எடுத்தாலே போதும், மருந்து வேண்டாம்.

இந்த நியாயத்தை எல்லா நாரத்தைக் குடும்பத்துக்கும் நீட்டிவிடாதீர்கள். பம்பளிமாஸ் விதையில் ஒரே கருதான், கலப்புக் கரு. இது தெரியாத வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலகத் தோழர் வீட்டில் தின்ற ரோஸ் நிறப் பம்பளிமாஸ் தேனாக இனித்ததென்று விதை கொண்டுவந்து கொல்லையில் போட்டேன். ஒன்பதாம் வருஷம் காய்த்தது. என் மனைவி ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவ்வளவு கசப்பு. படித்த படிப்பு எதற்கு என்று கேட்டாள். அந்த மரம் இன்னும் நிற்கிறது, துணி உலர்த்தக் கொடி கட்டியிருக்கிறோம்.

*

கேள்வி: அடுக்குமாடியில் கிழக்குப் பார்த்த பால்கனி. காலை மூன்று மணி நேரம்தான் வெயில். எலுமிச்சை மரம் வைக்க இடம் இல்லை, ஆனால் அந்த வாசம் வேண்டும். என்ன வைக்கலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: எலுமிச்சைப் புல்லுக்கு வெயில் இன்னும் கொஞ்சம் வேண்டும், ஆனால் மூன்று மணி நேரத்திலும் சாகாது, மெலிந்து வளரும். விதை தேட வேண்டாம். யாராவது வைத்திருப்பவரிடம் வேரோடு ஒரு தூர் பிய்த்து வாங்கிப் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வையுங்கள். இதன் எண்ணெயில் முக்கால் பங்குக்கு சிட்ரால் என்ற பொருள். எலுமிச்சைக்கே உரிய அந்தக் கூர்மையான வாசம் அதுதான். அதனால்தான் சில சமயம் இந்தப் புல் எலுமிச்சையைவிட எலுமிச்சையாக மணக்கிறது. கேரளத்தில் ஓடக்காலியில் இதற்கென்றே தொடங்கிய ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒரு முறை பயிற்சிக்குப் போயிருந்தேன். எண்ணெய் வடிக்கிற கொட்டகையில் அரைமணி நேரம் நின்றதற்கு, பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரர் "எந்தக் கம்பெனி சோப்பு?" என்று கேட்டார்.

இலை ஓரம் கையை அறுக்கும், பால்கனியில் குழந்தை ஓடினால் ஓரமாக வையுங்கள்.

இன்னொரு யோசனை. காய் வேண்டாம், வாசம் போதும் என்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் கடையநல்லூர்க்காரருக்குச் சொன்ன மாதிரி நான்கு எலுமிச்சை விதையை ஒரு தொட்டியில் ஊன்றிவிடுங்கள். அது உங்கள் பால்கனியில் காய்க்காமல் போகலாம், இலை விடுவதற்கு அந்த வெயில் போதும். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியது போல் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. நசுக்கினால் உடையும்.

ஒரு வருஷத்தில் இலை தேறிவிடும். நடு நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, இளசாக ஒரு கைப்பிடி எலுமிச்சை இலை, கிடைத்தால் நாரத்தை இலையும் கொஞ்சம், காய்ந்த மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு, கொட்டை எடுத்த புளி சேர்த்து, தண்ணீர் விடாமல் இடித்து உருட்டி வையுங்கள். வேப்பிலைக்கட்டி. பெயரில்தான் வேப்பிலை, உள்ளே ஓர் இலைகூட இருக்காது. தயிர் சாதத்துக்கு ஒரு உருண்டை போதும். மிக்ஸியில் அரைத்தால் சூடேறி வாசம் போய்விடுகிறது என்பது என் மனைவியின் கட்சி. எங்கள் வீட்டில் இன்னும் உரல்தான்.